அரைக்கட்டை கூடுதல்

தபலாக்காரர் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். மேடையில் என் தங்கை ஷீபா கண்ணை மூடி நின்று, பாட்டின் தொடக்கத்தில் வரும் ஆலாபனையைத் தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் வாத்தியம் எதுவும் கிடையாது. குரல் மட்டும்தான்.

கேரள எல்லைப் பக்கம், ஆரியங்கோட்டுப் பள்ளி மைதானத்தில் ஓணக் கொண்டாட்டத்துக்குக் கூடிய கூட்டம் கடலை கொறிப்பதைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்டது. சாயங்கால வெளிச்சம் இன்னும் போகவில்லை. மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கிளப்காரர்களும் மேடைப் பக்கம் திரும்பினார்கள்.

ஆலாபனை முடிந்தது. தபலாக்காரரின் கை இறங்கியது. கீபோர்டும் வயலினும் கிட்டாரும் ஒன்றாகச் சேர்ந்தன. சேர்ந்த அந்த நொடியில் எனக்குப் பல் கூசியது.

குரல் ஒரு சுருதியில் நின்றது, வாத்தியம் வேறொரு சுருதியில் நின்றது. கீபோர்டுக்காரர் ஷீபாவைப் பார்த்தார். ஷீபா அவரைப் பார்த்தாள். இரண்டு பேர் முகத்திலும் ஒரே கேள்விதான்: ஏன் தப்பாகச் செய்கிறாய்?

கூட்டத்திலிருந்து சத்தம் எழுந்தது. நான் பயந்தது மாதிரி அவளைக் கூவிக் கேலி செய்யவில்லை. வாத்தியக்காரர்களைத்தான் திட்டினார்கள்.

"எலே, வேகமா அடிங்கலே! உறங்குதியளா?"

"பாட்டு இழுக்குது கேட்டியளா! பிள்ள சரியாக்கும் பாடுது!"

ஊர்க்காரர்கள் ஊர்ப் பெண்ணுக்காகப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் காதில் உண்மையிலேயே அப்படித்தான் விழுந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முதல் சரணத்தோடு குழுவின் தலைவர் சசிதரன் மாஸ்டர் கையசைத்துப் பாட்டை முடித்துவிட்டார். "நம்ம நாட்டுக்காரிக்கு ஒரு கைத்தட்டு" என்று மைக்கில் சொல்லிவிட்டு, உடனே ஒரு மலையாளப் பாட்டுக்குத் தாவினார்.

ஒரே ஒரு தடவை

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எங்கள் வீட்டு ரேடியோவைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "உங்கள் வீட்டில் யாராவது பாடுவார்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் பாடமாட்டேன். நான் பாடினால் எங்கள் வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போகும். பாடுகிறவள் ஷீபா.

அப்பா எங்கள் கிறிஸ்தவ சபையில் ஆர்மோனியம் வாசிப்பவர். ஆராதனை அப்போதே பாதி மலையாளத்துக்குப் போய்விட்டது. கீர்த்தனை மட்டும் தமிழில் நின்றது, அதை விடாமல் பிடித்து வைத்திருந்தவர்களில் அப்பாவும் ஒருவர். ஷீபா சினிமாப் பாட்டு பாடுவது அவருக்குப் பிடிக்காது என்று சொல்லமுடியாது. மேடையில் பாடுவதுதான் பிடிக்காது.

நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் மேடை மெல்லிசை நடத்தும் கானமேளாக் குழு ஒன்றில் பாடகி கல்யாணமாகி வளைகுடாவுக்குப் போவதாக இருந்தது. சசிதரன் மாஸ்டர் ஒரு கல்யாண வீட்டில் ஷீபா பாடியதைக் கேட்டிருந்தார். ஓணத்துக்கு ஆரியங்கோட்டுக்கு வருகிறோம், முதலில் ஊர்க்காரர் பாட்டு ஒன்று வைப்பது வழக்கம், அதை இவள் பாடட்டும், நன்றாயிருந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

அப்பா ஒரு வாரம் கழித்துச் சாப்பிடும்போது சொன்னார்.

"ஒரே ஒரு தடவை. மாஸ்டர் எடுத்தா போ, நான் தடுக்க மாட்டேன். எடுக்கல்லன்னா இந்தப் பேச்சு பின்ன இந்த வீட்டுல வரப்பிடாது. மார்த்தாண்டத்துல இருந்து ஒரு ஆலோசனை வந்திருக்கு. அவங்கள வரச் சொல்லுவேன்."

ஆலோசனை என்றால் எங்கள் ஊரில் கல்யாணப் பேச்சு. ஷீபா தலையாட்டினாள். அன்றிலிருந்து அந்த ஒரே பாட்டைத்தான் பாடினாள். எந்தப் பாட்டு என்று கேட்காதீர்கள். சொன்னால் உடனே போட்டுக் கேட்டு, எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

ஆக, அன்று மேடை ஏறும்போது அவளுக்கு இருந்தது அந்த ஒரு பாட்டுதான். நிகழ்ச்சி முடிந்ததும் மாஸ்டர் மேடைக்குப் பின்னால் வந்து, அப்பாவின் எதிரிலேயே சொன்னார்.

"குரல் உண்டு மோளே. நல்ல குரல். பக்ஷே சுருதி நிக்கல்ல. சுருதி நிக்காத ஆளை வெச்சு நான் எந்து செய்யும்?"

ஆர்மோனியக்காரரின் மகளுக்குச் சுருதி நிற்கவில்லை. அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது ஷீபா அழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அவங்க தந்த சுருதி அந்தப் பாட்டுக்கு உள்ளது இல்ல அண்ணா."

பாட்டுக் கிறுக்கு

இந்த இடத்தில் என் கிறுக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பாட்டில் பிடித்தது இரண்டாவது இடையிசை. முதல் இடையிசையில் இசையமைப்பாளர் நம்மை வரவேற்கிறார், அவ்வளவுதான். இரண்டாவதில்தான் மனசிலிருப்பதைச் சொல்கிறார். மூன்று சரணம் உள்ள பாட்டுகளில் மூன்றாவதை நான் கேட்பதில்லை. சோகப் பாட்டு என்றால் காலையில் கேட்பேன். சாயங்காலம் கேட்டால் சாப்பாடு இறங்காது.

கானமேளாவில் பாடகரைப் பார்ப்பவர்கள் ஒரு கூட்டம். நான் தபலாக்காரரைப் பார்ப்பவன். அவர் பாடகருக்குப் பின்னால் ஓடுகிறாரா, பாடகர் அவருக்குப் பின்னால் ஓடுகிறாரா என்பதை வைத்து அந்தக் குழுவுக்கு மனசுக்குள் மார்க் போடுவேன். எங்கள் பக்கத்து மேடைகளில் ஒரு மலையாளம், ஒரு தமிழ் என்று மாற்றி மாற்றிப் பாடவேண்டும். தொடர்ந்து இரண்டு மலையாளம் வந்தால் பின்னாலிருந்து "தமிழ் போடு!" என்று குரல் வரும். தொடர்ந்து இரண்டு தமிழ் வந்தாலும் அதே ஆள்தான் "மலையாளம் போடு!" என்பான். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், சண்டையில் இரண்டும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

செங்கல் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு கோயில் உற்சவத்துக்குச் சின்ன வயசில் போனது ஞாபகம் இருக்கிறது. பாடகரின் சட்டை மினுங்கியதும், மைக்கிலிருந்து வந்த சூடான தூசி வாசமும் ஞாபகம் இருக்கிறது. என்ன பாடினார் என்பது மட்டும் ஞாபகம் இல்லை. நான் ஸ்பீக்கர் பெட்டிக்குள் ஆள் இருக்கிறானா என்று பின்னால் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் புத்திதான் எனக்குக் கடைசிவரை. ஷீபாவின் பாட்டு நடந்த காலத்தில் நான் பாறசாலையில் ஒரு பாரலல் காலேஜில், அதாவது தனியார் டுட்டோரியலில், பிசிக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒலி அலையைப் பற்றிப் போர்டில் எழுதிப் போடுகிறவன். என் வீட்டுக்குள்ளேயே ஒரு ஒலி தப்பாகப் போனால் சும்மா இருக்கமுடியுமா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆரியங்கோடு உட்பட எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் ஒரே கடையில்தான் பாட்டுப் பதிவார்கள். பாறசாலை ஸ்டேஷன் ரோட்டில் மோகனண்ணன் வைத்திருந்த ரிக்கார்டிங் கடை. வேண்டிய பாட்டுகளைச் சொல்லி, வெறும் கேசட்டைக் கொடுத்துவிட்டு வந்தால் நாலு நாளில் பதிந்து தருவார். அவர் கடைக்கு ஒரு பெருமை உண்டு. மற்றக் கடைகளைவிட அவர் கடைக் கேசட்டில் ஒரு பாட்டு கூடுதலாகக் கொள்ளும். அது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கூடுதலாகக் கிடைப்பதை ஏன் என்று கேட்பவர் யார்?

அதே பாட்டு ரேடியோவில் வந்தால் மட்டும் சோர்ந்து போய்க் கேட்கும். கரண்டு குறைவு என்று ஊரே நம்பியது. பேட்டரியில் ஓடும் ரேடியோவுக்கும் அதே காரணத்தைத்தான் சொன்னோம். பிசிக்ஸ் படித்த நானும் சொன்னேன்.

அப்பாவின் ஆர்மோனியம்

மார்த்தாண்டத்துக்காரர்கள் அடுத்த மாதம் வருவதாக முடிவானது. அம்மா ஷீபாவுக்குச் சேலை எடுக்கப் போவதாகச் சொன்னாள். ஷீபா பாடுவதை நிறுத்திவிட்டாள். சபையில்கூட வாயை மட்டும் அசைத்தாள். அது எனக்குத் தாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த அப்பாவிடம் கேட்டேன்.

"அன்னைக்கு வாத்தியக்காரங்க எத்தன கட்டையில நின்னாங்க அப்பா?"

சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வது வழக்கம். ஆர்மோனியத்தில் ஒரு வெள்ளைக் கட்டைக்கும் அதை ஒட்டி மேலே இருக்கும் கறுப்புக்கும் நடுவே உள்ள தூரம் அரைக்கட்டை.

"அஞ்சுல" என்றார் அப்பா. உடனே சொன்னார். அப்படியென்றால் அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஷீபா?"

"அவ மேல போயிட்டா."

"எவ்வளவு மேல?"

அப்பா பதில் சொல்லாமல் ஆர்மோனியத்தை எடுத்து வைத்தார். ஷீபாவைக் கூப்பிட்டார். "அந்தப் பாட்டத் தொடங்கு மக்களே. நான் சுருதி தரமாட்டேன். நீயா தொடங்கு."

அவள் தயங்கினாள். பிறகு அந்த ஆலாபனையை எடுத்தாள். பல நாள் கழித்து அவள் குரல் வீட்டில் கேட்டது. அப்பா ஒவ்வொரு கட்டையாக அமர்த்திப் பார்த்தார். அஞ்சில் ஒட்டவில்லை. அடுத்த கறுப்பில் கையை வைத்தார். குரலும் ஆர்மோனியமும் ஒன்றாகிப் போயின.

"அஞ்சர" என்றார்.

நான் டேப்ரிக்கார்டரில் மோகனண்ணன் கடைக் கேசட்டைப் போட்டேன். அதே ஆலாபனை வந்தது. அப்பாவின் விரல் அந்தக் கறுப்புக் கட்டையிலேயே இருந்தது. எடுக்கவேண்டிய தேவை வரவில்லை.

"இது என்னலே இது" என்றார் அப்பா. துருத்தியை அமர்த்துவதை நிறுத்தவே இல்லை.

அவள் கேசட்டிலிருந்து ஒரு நூல் அளவுகூட விலகவில்லை. சாதாரணமாகப் பாடுகிறவர்கள் வாத்தியம் எங்கே போகிறதோ அங்கே சரிந்து போய்ச் சேர்ந்துகொள்வார்கள். அவளுக்குச் சரியத் தெரியவில்லை. அந்தப் பாட்டு எந்த இடத்தில் அவள் காதுக்குள் உட்கார்ந்ததோ, அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

அப்படியானால் தப்பு கேசட்டிலா, மாஸ்டரிடமா?

மோகனண்ணன் கடை

மறுநாள் காலேஜ் விட்டதும் கேசட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் ரோட்டுக்குப் போனேன். கையில் அப்பாவின் சுருதி ஊதல் இருந்தது. ஐந்து கட்டைக்கு ஊதினால் ஐந்து சொல்லும்.

"உங்க கேசட் வேகமா ஓடுது அண்ணே" என்றேன்.

மோகனண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்க கடையில போட்டுக் கேளு. சரியாக்கும் இருக்கும். உனக்க வீட்டு மிஷின் கேடா இருக்கும் சாரே."

அவர் மிஷினில் போட்டார். நான் ஊதலை ஊதினேன். பாட்டு சரியாக ஐந்தில் நின்றது.

எனக்குத் தலை சுற்றியது. அதே கேசட், அதே பாட்டு. வீட்டில் அஞ்சரை, இங்கே அஞ்சு. நாங்கள் பார்த்தது வீட்டு மிஷினின் கோளாறா? ஆனால் ஊரில் எல்லா வீட்டு மிஷினுமா கெட்டுப்போகும்?

கடைச் சுவரில் அவர் விற்பனைக்கு வைத்திருந்த கம்பெனிக் கேசட்டுகள் இருந்தன. அவற்றில் ஒன்றைக் காட்டி, "இதை உங்க மிஷின்ல போடுங்க" என்றேன்.

போட்டார். பாடகர் காய்ச்சலில் இழுத்து இழுத்துப் பாடுவது மாதிரி இருந்தது. மோகனண்ணன் என்னைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"கம்பெனிக்காரன் இப்படிக் கேடு கேசட்டா இறக்குதான்?" என்றார். குரலில் உறுதி இல்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருடைய பதிவு மிஷினின் பெல்ட் தளர்ந்திருந்தது. அதனால் நாடா மெதுவாக ஓடியது. மெதுவாக ஓடும் நாடாவில் பாட்டு நெருக்கி நெருக்கிப் பதிந்தது. அதனால்தான் கேசட்டில் ஒரு பாட்டு கூடுதலாகக் கொண்டது. அதே மிஷினில் திருப்பிப் போட்டால் எல்லாம் சரியாகக் கேட்கும். ஊரில் ஒழுங்காக ஓடும் மிஷினில் போட்டால் வேகமாகவும் அரைக்கட்டை உயரமாகவும் கேட்கும். சோம்பேறி மிஷின் ஊரையே அவசரப்பட வைத்திருந்தது.

எத்தனை வருஷமாக என்று கேட்டேன். மோகனண்ணன் விரல்விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார்.

"ஆருட்டயும் சொல்லாத மக்கா" என்றார். "பெல்ட்ட மாத்துனா அந்த ஒரு பாட்டு பின்ன கேசட்டுல கொள்ளாதே."

அந்தக் கவலையும் நியாயமான கவலைதான்.

மாஸ்டர் வீட்டில்

அப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "ஷீபாவ கூப்பிடு" என்றார். ஆர்மோனியத்தை அவரே தூக்கிக்கொண்டார். டேப்ரிக்கார்டர் என் கையில். நெய்யாற்றின்கரைப் பஸ்ஸில் எங்களைப் பார்த்த கண்டக்டர் எந்த ஊரில் பரிபாடி என்று விசாரித்தார். நிகழ்ச்சிக்கு எங்கள் பக்கத்தில் பரிபாடி என்றுதான் சொல்வார்கள்.

மாஸ்டர் பனியனோடு நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அப்பா தயங்காமல் நேராகப் பேசினார். யாரிடமும் எதையும் கேட்டுப் போகாத மனிதர்.

"எனக்க பிள்ளைக்குச் சுருதி நிக்கல்லன்னு சொன்னீங்க. நின்னதுதான் குத்தமாப் போச்சு. கேட்டுப் பாருங்க."

மாஸ்டர் கேசட்டைக் கேட்டார். ஷீபாவைப் பாடச் சொன்னார். கேசட்டில் உள்ள வேறு பாட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தொடங்கச் சொன்னார். எல்லாம் அரைக்கட்டை கூடுதல். ஒன்றுகூடத் தப்பவில்லை. மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு உள்ளே போய் ஒரு கம்பெனிக் கேசட்டைக் கொண்டுவந்து, புதிய மலையாளப் பாட்டு ஒன்றை அவளுக்கு ஒருமுறை போட்டுக் காட்டினார். நிறுத்தினார். சாயா வந்தது. அப்பாவோடு சபையைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார், ரப்பரைப் பற்றிப் பேசினார். நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். பேச்சுக்கு நடுவில் திடீரென்று திரும்பி, "இனி இப்பம் கேட்ட ஆ பாட்டு தொடங்கு மோளே" என்றார்.

ஷீபா சாயா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்கினாள். மாஸ்டர் எழுந்துபோய்க் கேசட்டை ஓடவிட்டார். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்தன.

மாஸ்டர் கேசட்டை நிறுத்திவிட்டு, "சனியாழ்ச்ச ரிகர்சல் உண்டு, வரணும்" என்றார். "பாட்டு நான் தரும் கேசட்டில் படிச்சா மதி. ஆ கடைக்குப் போகருது." மோகனண்ணன் கடைப் பக்கமே இனிப் போகக்கூடாதாம்.

அப்பா ஆர்மோனியத்தை மூடினார். திரும்பும் வழியில் பஸ்ஸில் அவர் பாடிக்கொண்டே வந்தார். கீர்த்தனைதான், ஆனால் சத்தமாக. எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மார்த்தாண்டத்துக்காரர்களுக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். ஷீபா பிறகு அந்தக் குழுவின் கிட்டார்காரரைக் கட்டினாள். அது வேறு கதை. அவள் சம்மதம் இல்லாமல் எழுதினால் வீட்டுக்குள் விடமாட்டாள்.

மறுபடியும் அதே மைதானம்

சில வருஷம் கழித்து, ஓணத்துக்கு அதே குழு ஆரியங்கோட்டுக்கு வந்தது. இப்போது ஷீபா ஊர்க்காரர் பாட்டுப் பாட வரவில்லை. நோட்டீஸில் அவள் பெயர்தான் முதலில். முன் வரிசையில் அப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். பின்னால் எங்கள் பக்கத்து வீட்டு ராஜையன் அண்ணன் இருந்தார்.

நாலைந்து பாட்டுக்குப் பிறகு அவள் அந்தப் பாட்டை எடுத்தாள். தனிக் குரலில் ஆலாபனை. சரியான ஐந்து கட்டை. வாத்தியங்கள் வந்து பூப்போல உட்கார்ந்தன. எனக்குக் கண் கலங்கியது.

அப்போது ராஜையன் அண்ணன் என் தோளைத் தட்டினார்.

"பிள்ளைக்க குரல் போச்சே மக்கா. பாவம், ஊரெல்லாம் போய்ப் பாடிப் பாடி. பண்டு என்ன மாதிரி பாடினா! இப்பம் இழுக்குது பாரு."

திரும்பிப் பார்த்தேன். கூட்டம் முழுக்க அதே முகம். துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தார்கள். மோகனண்ணன் அந்த பெல்ட்டை மாற்றவே இல்லை.

பல்லவி முடியும் இடத்தில் ஷீபாவும் கூட்டத்தைப் பார்த்தாள். பாடுவதை நிறுத்தினாள். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவள் மைக்கைக் கையால் மூடாமலே கீபோர்டுக்காரரிடம் சொன்னது மைதானம் முழுக்கக் கேட்டது.

"அரைக்கட்டை ஏத்துங்க. வேகமும் கொஞ்சம் கூட்டுங்க. இது எனக்க ஊராக்கும்."

மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். தபலாக்காரர் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருதியை ஏற்றினார். அவள் மறுபடி முதலிலிருந்து ஆலாபனையைத் தொடங்கினாள், அஞ்சரையில். வாத்தியமும் அவளோடு சேர்ந்து அஞ்சரையில் வந்து இறங்கியது. பின்னாலிருந்து விசில் பறந்தது. ராஜையன் அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

அப்பா தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தன் ஆர்மோனியத்தில், தன் விரலால் அந்த அரைக்கட்டையை அளந்து பார்த்தவர் அவர். அவர் என் பக்கம் சாய்ந்து, "இப்பம்தான் சரியா இருக்கு" என்றார்.